பஸ் ஸ்டாண்டில் மறந்துவிட்டு வந்த பெண்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு விதி உண்டு. இந்த வாரம் ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு கதை சொன்னால், அடுத்த வாரம் அதை வேறொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கதைக்குச் சொந்தக்காரர் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் "இது என் கதைதான்" என்றோ, "இது என் கதை இல்லை" என்றோ மட்டும் சொல்லலாம். அதற்குப் பிறகு டீ.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். செஞ்சிக்குப் பக்கத்து ஜைனக் குடும்பம் அவருடையது. புதிதாக வருகிறவர்கள் சேட்டு என்று நினைத்துக்கொண்டு இந்தியில் ஆரம்பிப்பார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்ல சொல்லுங்க, எங்க தாத்தாவுக்குத் தாத்தாவுக்கும் அதான் பாஷை" என்பார். மண்டியில் எடைத் தகராறு வந்தால் அவர் உடனே பஞ்சாயத்து பண்ணமாட்டார். "அவன் சொன்னத நீ சொல்லு. நீ சொன்னத அவன் சொல்லட்டும்" என்பார். பாதித் தகராறு அதிலேயே தீர்ந்துபோகுமாம். அந்த வழக்கத்தைத்தான் எங்கள் தலையிலும் கட்டினார்.

ஒரு ஞாயிறு அவருடைய மண்டி மாடியில், அடுத்த ஞாயிறு விழுப்புரத்தில் என் வீட்டு மாடியில் என்று மாறி மாறிக் கூடுவோம். யாராவது ஒருவர் சிறுகதையோ நாவலில் ஓர் அத்தியாயமோ உரக்கப் படிப்பார். அது யாருக்கு எதை ஞாபகப்படுத்துகிறதோ அதை அவர் சொல்லுவார். மண்டிக்காரர் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர். அதனால் எவ்வளவு சுவாரசியமான கதையாக இருந்தாலும் வெயில் தணிவதற்குள் முடித்தாக வேண்டும். நீட்டி முழக்குகிறவர்களுக்கு எங்கள் வட்டத்தில் இடமில்லை.

நான் கணக்கு டீச்சர். வீடு விழுப்புரம், பள்ளிக்கூடம் திண்டிவனம். முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் கணக்கில் விட்டுப்போன வரிகளைத் தேடிப் பிடித்துத் திட்டுவதே பிழைப்பு. ஆகவே என் கதையை இன்னொருவர் சொல்வதா என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் கதை பிரமாதமான கதை. பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பின்வாசல் வழியாகப் போய் வங்கித் தேர்வு எழுதிவிட்டு வந்தவள் நான். தேர்வில் தேறவில்லை என்பதைச் சொல்லமாட்டேன். ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். அவர்தான் அதைத் திருப்பிச் சொன்னார். அவர் கதையில் நான் இரண்டே வரி. மீதியெல்லாம் வளவனூரிலிருந்து வாடகை வேன் பிடித்து வந்து, ஆறிப்போன பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார். "அந்தப் பையன் வேனுல போய்க்கினு இருக்கும்போது இன்னா நெனச்சிருப்பான்?" என்று முடித்தார். அந்தப் பையனுக்கு ஒரு முகம் இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. "இது என் கதை இல்லை" என்று வெடுக்கென்று சொன்னேன். ஆனால் அன்றைக்கு ரயிலில் விழுப்புரம் வரைக்கும் அந்த முகத்தைத்தான் தேடிக்கொண்டு வந்தேன்.

பிறகு எனக்கு இது ஒரு பைத்தியமாகிவிட்டது. ஒரு கதை வாய் மாறும்போது எது தங்குகிறது, எது உதிர்கிறது? எல்லோரும் அவரவர் கதையில் நடுவில் நிற்கிறோம், பக்கத்தில் நின்றவர்கள் எங்கே போனார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அப்படி ஒரு ஞாயிறு, மண்டி மாடியில், ஆற்றங்கரையில் மனைவியை உட்காரவைத்துவிட்டுப் பரிசல் பிடிக்கப் போன கணவன் திரும்பி வராத கதை ஒன்றைப் படித்தோம். படித்து முடித்ததும், விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு அங்கேயே தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை பார்க்கிற பெண் கையைத் தூக்கினாள். வட்டத்துக்கு வந்து மாதக்கணக்கில் ஆகியும் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். நாற்பதைத் தாண்டியவள். எப்போதும் சிரித்த முகம்.

"எங்க ஊட்டுல எனக்கு ஒரு பேரு உண்டுங்க. பஸ் ஸ்டாண்டுல மறந்துட்டு வந்த பொண்ணு" என்று ஆரம்பித்தாள்.

ஓமந்தூரைத் தாண்டி ஒரு கிராமம் அவள் ஊர். அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது, அமாவாசைக்கு மேல்மலையனூருக்குச் சொந்தக்காரர்கள் கூட்டமாகப் போயிருக்கிறார்கள். திரும்பும்போது திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டும். அத்தை வீட்டுக் கூட்டம் முதல் பஸ்ஸிலேயே முண்டியடித்து ஏறிவிட்டது. அப்பா இவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கியே இரு, தோ வர்றேன்" என்று போனார். போனவர் போனவர்தான். மத்தியானம் முழுக்க இவள் அதே பெஞ்சில் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பசியில் அதை எடுத்துத் தின்றாள். சாயங்காலம் அப்பா ஓடிவந்தார். "நான் எங்கியும் நகரலப்பா" என்றாளாம் இவள். வீட்டில் அம்மா விளக்குமாற்றோடு நின்றிருந்தாள். "நான்தான் மறந்துட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

"அன்னியிலருந்து கல்யாணம், காதுகுத்து, எது வந்தாலும் இதான் காமெடி. அத்தை நடிச்சே காட்டுவாங்க. அழுது அழுது மூஞ்சி பூரி மாதிரி வீங்கிப்போச்சின்னுவாங்க. நானும் சேந்து சிரிப்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுத்ததைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை. "இப்ப எங்கப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சிங்க. தம்பிக்கு ஓசூருக்கு மாத்தல். கூட்டிக்கினு போவ முடியாதுன்றான். நீ வச்சிக்க, இல்லன்னா திண்டிவனத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்குது, அங்க சேத்துடலாம்ன்றான். நான் இல்லத்துக்கே சொல்லிட்டேன். என்ன மறந்துட்டு வந்தவர நான் ஏன் ஞாபகம் வச்சிக்கினு இருக்கணும்?"

மண்டிக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார், வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் யார் திருப்பிச் சொல்வது என்று கேட்டார். வழக்கமாக நான் முந்திக்கொள்வேன். அன்றைக்கும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

வாரம் முழுக்க அந்தக் கதை என்னோடு ரயிலில் வந்தது. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். மயிலத்துக்குள் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஓர் இடத்தில் நாக்கு தடுக்கியது. எந்த இடம் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு என் வீட்டு மாடியில் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைப்பு. மேல்மலையனூர் கூட்டம், வேப்பிலை, நெரிசல், அம்மாவின் விளக்குமாறு எல்லாம் வந்தன. "அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து பஸ்களை வேடிக்கை பார்க்கப் போனாள். ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பெஞ்சில் ஒரு மல்லாட்டைப் பொட்டலம் இருந்தது" என்று சொல்லி, மடமடவென்று முடித்துவிட்டேன்.

டிரைவர் உடனே பிடித்துக்கொண்டார். "இன்னா டீச்சர், அந்தப் பொண்ணு நகரவே இல்லன்னு தானே சொன்னிச்சி? நீங்க ஊரச் சுத்தக் கூட்டிக்கினு போயிட்டீங்களே. அழுதுச்சின்னு வேற சொன்னிச்சி, நீங்க கண்ணுலயே காட்டல."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஊர்ப் பிள்ளைகளின் தப்பையெல்லாம் திருத்துகிறவள், எல்லோர் முன்னாலும் ஒரு சின்னக் கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தபோதுதான் நாக்கு தடுக்கிய இடம் புரிந்தது. ஒரு பெண் பெஞ்சை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால், அவளுக்குத் தெரியாமல் பக்கத்தில் ஒரு பொட்டலம் எப்படி வந்திருக்கும்? நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. பழக்கதோஷம், கை தானாக அதை நிரப்பிவிட்டது.

அதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று வாயெடுத்தேன். மண்டிக்காரர் கையைக் காட்டித் தடுத்தார். அவள் பக்கம் திரும்பி, "சொல்லும்மா. உன் கதைதானா, இல்லையா?" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, "தெரியலைங்க" என்றாள்.

எங்கள் வட்டத்தில் அந்தப் பதிலை அதுவரை யாரும் சொன்னதில்லை. டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எங்கள் பொழுதுபோக்குக்கு ஒருத்தியின் புண்ணைக் கிளறிவிட்டோமோ என்று எனக்கு உறுத்தியது. அதைவிட, உண்மையைச் சொன்னால், அந்தப் பொட்டலம் எப்படி வந்தது என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள். யாருக்கோ ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிற சாக்கில் ஒரு நாள் தபால் ஆபீஸுக்குப் போனேன்.

சாப்பாட்டு நேரம். பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பேசினாள்.

"நான் அழுதேன்னு எல்லாரும் சொல்றாங்களே டீச்சர், யாரு பாத்தது? அத்தை பாத்தாங்களா? அவங்க மொத பஸ்ஸுலயே போயிட்டாங்க. அம்மா ஊட்டுல. தம்பி அப்ப கைக்கொழந்தை. அங்க இருந்தது நான் ஒருத்திதான். ஆனா என் கதைய நான் அவங்ககிட்டருந்துதான் கேட்டுக்கினு இருந்திருக்கேன்."

"அழவில்லையா நீ?" என்றேன்.

"அழல. நீங்க போர்டு படிச்சாள்னு சொன்னீங்க பாருங்க, எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சி. அப்பதான் எழுத்துக் கூட்டி வேகமா படிக்கக் கத்துக்கினேன். பாண்டிச்சேரி, செஞ்சி, வந்தவாசி, மரக்காணம்னு ஒவ்வொரு பஸ்ஸா படிச்சிக்கினே போனேன். மைக்குல டைம் சொல்றவரு ரூமு வாசல்ல போய் நின்னுக்கினேன். எவ்ளோ நேரம்னு தெரியாது. அவ்ளோ சந்தோசமா இருந்தேன் டீச்சர். ஒருத்தரும் என்ன ஏய்னு கூப்புடல."

அப்புறம் பயம் வந்து பெஞ்சுக்கு ஓடியிருக்கிறாள். பொட்டலம் இருந்தது, சூடாகவே இருந்தது. தின்றுவிட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் அப்பாவைப் பார்த்ததும் அடி விழும் என்று பயந்து சொன்ன பொய்தான் அது. எங்கியும் நகரலப்பா.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசி வரியை எழுதிவிடலாம்போல இருந்தது. அப்பா மல்லாட்டை வாங்கத்தான் போயிருக்கிறார். வந்து பார்த்தால் பெண் இல்லை. பொட்டலத்தைப் பெஞ்சில் போட்டுவிட்டு ஓடித் தேடியிருக்கிறார். பெண் அத்தை வீட்டுக் கூட்டத்தோடு பஸ் ஏறிவிட்டாளோ என்று வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அங்கேயும் இல்லை என்றதும் திரும்பி ஓடிவந்திருக்கிறார். பெண் நகர்ந்தாள் என்று சொன்னால் விளக்குமாறு அவள் முதுகில் விழும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"அப்படின்னு நாம சொல்லிக்கலாம்" என்றாள் அவள். "நெஜமாவே மறந்தும் இருக்கலாம். பொட்டலம் வேற யாரோடதாவும் இருக்கலாம். கேக்கலாம்னு போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் இருக்குதாப்பான்னேன். நீ யாரு வூட்டுப் பொண்ணும்மான்னு கேக்கறாரு."

அழுதுவிட்டாள். எதற்கும் பதில் தெரிந்துவிடும் என்று நம்புகிற ஜாதி நான். இந்தக் கணக்குக்கு விடை பார்க்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் கிடையாது என்பதை என்னால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை. ஆனால் இல்லத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் போன் பண்ணினாள். ஊரிலிருந்து அப்பாவை அழைத்துவரப் போகிறாள், கூட ஒரு ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டாள். "இல்லத்துல நாளைக்குச் சேக்கறேன்னு சொல்லி வச்சிருக்கேன். பேக் எல்லாம் தம்பி கட்டிட்டான்" என்றாள். சரியென்றும் தப்பென்றும் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் விதி எனக்கு அந்த மட்டுக்காவது புத்தி கொடுத்திருந்தது.

மறுநாள் ஊருக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். அப்பா ஒல்லியான மனிதர், வெள்ளை வேட்டி, சலவை மடிப்பு கலையாத சட்டை. பஸ்ஸில் எனக்கு மூன்று தடவை வணக்கம் சொன்னார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள். "இங்கியே இருப்பா, மாத்திரை வாங்கிக்கினு தோ வர்றேன்" என்று எதிரே இருந்த மெடிக்கலுக்குப் போனாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்ததோ இல்லையோ, எனக்கு உறைத்தது. கொஞ்சம் பதறிப்போய், அவருக்குத் தண்ணீராவது வாங்கி வரலாம் என்று எழுந்தேன். டீச்சர் இருக்கிறார் என்று அவள் போனாள். பக்கத்துக் கடைதானே என்று நான் போனேன்.

நான் பாட்டிலோடு திரும்பியதும் அவள் மாத்திரையோடு வந்ததும் ஒரே நேரம். பெஞ்சில் பை மட்டும் இருந்தது.

அவள் கத்தவில்லை. பையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். நான் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். என் முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பாத்ரூம் பக்கம் பார்த்தேன், பூக்கடையில் கேட்டேன், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். இந்தத் தடவை நான்தானே காரணம்.

பாண்டிச்சேரி பஸ்கள் நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அவள் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் அண்ணாந்து பஸ்ஸின் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நான் கிட்டே போனேன். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பயந்துவிட்டார்.

"நான் எங்கியும் நகரலம்மா" என்றார்.

அவளுடைய போன் அடித்துக்கொண்டிருந்தது. தம்பி. எடுத்துக் காதில் வைத்தாள். எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகவே பேசினான். இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்களா, ஏன் இவ்வளவு நேரம் போன் எடுக்கவில்லை, அப்பா வழியில் எங்காவது போய்விட்டாரா, அவரை நம்பவே முடியாது என்றான்.

"அவரு எங்கியும் போவல" என்றாள். "நான்தாண்டா ஒரு நிமிசம் மறந்துட்டேன்."

போனை அணைத்துப் பையில் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தள்ளுவண்டியில் வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி அவர் கையில் கொடுத்தாள். வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் எங்கே போகணும் என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அப்பாவின் கையை விடாமல் நடந்து, விழுப்புரம் பஸ்ஸில் ஏறி மூன்று டிக்கெட் எடுத்தாள்.